பொய்யாக ஒதுங்கி உட்கார்ந்த மாதங்கள்

என் மாமியார் வீட்டில் மாதம் மூன்று நாள் பெண்கள் உள்ளே வரக்கூடாது. குரும்பலூரில் அந்தத் தெருவில் பெரும்பாலான வீடுகளில் இதே வழக்கம்தான் என்றாலும் எங்கள் வீட்டில் அது கொஞ்சம் கெடுபிடியாகவே நடந்தது. வீட்டின் பக்கச் சுவரை ஒட்டி, ஆஸ்பெஸ்டாஸ் போட்டு இறக்கிய ஒரு சார்ப்பு உண்டு. அதில் ஒரு பாய், ஒரு தலையணை, ஓர் அலுமினியத் தட்டு, ஒரு டம்ளர். சோறு எட்ட நின்று தட்டில் விழும். நாலாம் நாள் காலையில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, பாயை அலசிப் போட்ட பிறகுதான் வாசற்படி ஏறலாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த மூன்று நாளும் நான் வேலைக்குப் போவேன். பெரம்பலூரில் தாலுக்கா ஆபீஸ் எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் எனக்கு வேலை. காலை பஸ்ஸில் நாற்பது பேரை இடித்துக்கொண்டு போய், நாள் முழுக்க ஊரார் ரேஷன் கார்டையும் சாதிச் சான்றிதழையும் தொட்டுத் தொட்டுப் பிரதி எடுத்துவிட்டு, சாயங்காலம் வந்து, சொந்த வீட்டுத் தண்ணீர்க் குடத்தைத் தொடக்கூடாதவளாகச் சார்ப்பில் உட்காருவேன். கல்யாணமான புதிதில் இதைச் சொல்லி என் வீட்டுக்காரரிடம் சண்டை போட்டேன். "அம்மாகிட்ட நீயே பேசிக்க" என்றார். அத்தோடு அந்தச் சண்டை முடிந்தது. என் மாமியாரிடம் பேசி ஜெயித்தவர்கள் யாரும் எனக்குத் தெரிந்து கிடையாது.

சார்ப்பு தெருவைப் பார்த்து இருந்தது. யார் வீட்டு மருமகள் எப்போது உட்காருகிறாள் என்பது தெருவுக்கே மனப்பாடம். உட்கார வேண்டிய நாளில் ஒருத்தி உட்காராவிட்டால் நாலைந்து நாளில் குழாயடியில் பேச்சு வந்துவிடும். டாக்டர் சொல்வதற்கு முன்னால் தெரு சொல்லிவிடும். முதல் தடவை நான் உண்டானபோது அப்படித்தான் ஆனது.

அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்து, அடுத்த வருடமே திரும்பப் பெரம்பலூரோடு சேர்த்த காலம் அது. எந்த மனுவை எந்த ஊரில் கொடுப்பது என்று தெரியாமல் ஜனங்கள் எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு பிரதி எடுத்தார்கள். கடையில் மூச்சுவிட நேரம் கிடையாது, உட்கார நாற்காலியும் கிடையாது. அந்த அலைச்சலிலும் நான் சந்தோஷமாக இருந்தேன். வெட்கத்தை விட்டு எல்லோரிடமும் சொன்னேன். கடை முதலாளியிடம் சொன்னேன், எதிர்வீட்டுக்காரியிடம் சொன்னேன், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முகம் தெரியாதவளிடம்கூடச் சொன்னேன். கல்லங்குறிச்சிப் பக்கத்தில் இருக்கும் என் அம்மா, அங்கே பெருமாளுக்கு வேண்டிக்கொண்டு, ஒரு தூக்குவாளி நிறைய அதிரசத்தோடு இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்தாள். என் வீட்டுக்காரர் அரியலூரில் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரி ஓட்டினார். சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவார், புருவமெல்லாம் வெள்ளையாக. வந்ததும் குளிக்கப் போகாமல் நின்று என் வயிற்றைப் பார்ப்பார். அங்கே பார்க்க ஒன்றும் இருக்காது. இருந்தாலும் பார்ப்பார்.

பதினோராவது வாரம் அது போயிற்று.

கடையில் நின்றுகொண்டிருந்தபோதே இடுப்பு வலித்தது. பஸ் ஏறி வீடு வருவதற்குள் சேலை நனைந்துவிட்டது. வந்த வழியே திரும்பப் பெரம்பலூருக்குக் கூட்டிப் போனார்கள். டாக்டரம்மா சுத்தம் பண்ணி, மறுநாள் அனுப்பிவிட்டார். தகவல் தெரிந்து லாரியை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்த என் வீட்டுக்காரர், நர்ஸைத் தனியாகக் கூப்பிட்டு, "அத என்னங்க பண்ணுவீங்க?" என்று கேட்டது கட்டிலில் கிடந்த எனக்குக் கேட்டது. "அதெல்லாம் கேக்காதீங்க சார்" என்றாள் அவள். அப்படிக் கேட்டதற்காக அன்று அவரை எனக்கு ரொம்பப் பிடித்தது. வேறு யாரும் கேட்கவில்லை.

வீட்டில் ஒரு சாவு விழுந்தால் செய்வதற்கு ஆயிரம் காரியம் இருக்கும். ஆள் விட வேண்டும், பந்தல் போட வேண்டும், எட்டாம் நாள், பதினாறாம் நாள் என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். இதற்கு ஒன்றும் கிடையாது. ரத்தம் ரத்தம்தானே என்று என்னை நேராகச் சார்ப்பில் கொண்டு வந்து படுக்க வைத்தார்கள். ஒன்பது நாள் அங்கே கிடந்தேன். தெருவில் போகிறவர்கள் எல்லோரும் ஒரு நிமிஷம் நின்று, பார்த்துவிட்டுப் போனார்கள். யார் யாரிடம் வாய் நிறையச் சொன்னேனோ அவர்களிடம் எல்லாம் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. ஆளுக்கொரு காரணம் கையில் வைத்திருந்தார்கள். பஸ்ஸில் குலுங்கியதால்தான் என்றாள் ஒருத்தி. குடம் தூக்கியதால்தான் என்றாள் இன்னொருத்தி. எதிர்வீட்டுக்காரி மட்டும் புதிதாக யோசித்திருந்தாள்.

"அந்த மிஷின்ல பச்சையா ஒரு வெளிச்சம் ஓடுதுல்ல? அது வயித்துல பட்டா எப்புடி நிக்கும்? நான் அப்பவே நெனச்சேன்."

அப்பவே நினைத்தவள் அப்பவே சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் போன பிறகு நான் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். நாளைக்கு எத்தனை தடவை அந்த மூடியைத் தூக்கினேன், எத்தனை தடவை வயிறு அதன் மேல் சாய்ந்தது என்று. டாக்டரம்மா, "உன் மேல ஒரு தப்பும் இல்லம்மா. நிறையப் பேருக்கு ஆகுறதுதான்" என்று தெளிவாகச் சொல்லியிருந்தார். படித்தவர் சொன்னதை விட்டுவிட்டு எதிர்வீட்டுக்காரி சொன்னதை நம்பினேன். ஏதோ ஒன்றின் மேல் பழியைப் போட்டால்தான் மனசு நிற்கும்போல இருந்தது. அகப்பட்டது நான்தான்.

என் மாமியார் இந்தப் பேச்சிலெல்லாம் சேரவில்லை. மாமனார் இறந்து பல வருடமாகியிருந்தது. மகன் வாரம் முழுக்க வெளியூர். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதுகொண்டிருந்த ஒரு மத்தியானம், கஞ்சி டம்ளரை எட்ட வைத்துவிட்டு அவர் சொன்னார்:

"அது வெறும் ரத்தக்கட்டி. புள்ளன்னு நெனச்சு அழுவாத."

எதிர்வீட்டுக்காரியை மன்னித்துவிட்டேன். இதை மன்னிக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். சமைத்துப் போட்டால் சாப்பிட்டேன். அவர் மேல் எனக்கு இருந்தது கோபம்கூட இல்லை, வெறுப்பு. அதைச் சொல்ல எனக்கு இப்போது கஷ்டமாக இருக்கிறது. ஆனால் அப்போது அப்படித்தான் இருந்தது.

இரண்டு மாதம் கழித்து எதிர்வீட்டு மருமகளுக்கு வளைகாப்பு. தெருவே போயிற்று, நானும் போனேன். வரிசையில் நின்று, சந்தனம் பூசிவிட்டு வளையலைப் போடலாம் என்று கையில் எடுத்தேன். எதிர்வீட்டுக்காரி சிரித்த முகத்தோடு வந்து என் கையிலிருந்த வளையலை வாங்கிக்கொண்டாள். "நீ போய் ஒக்காரும்மா. ஒனக்கே ஒடம்பு தேறல" என்றாள். நான் போய் உட்கார்ந்தேன். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு என்று போட்ட எல்லாவற்றையும் வம்புக்கென்றே தின்றேன். எழுந்து போனால் தோற்றதாகிவிடும் என்று ஒரு வீம்பு. வீட்டுக்கு வந்து பாத்ரூமில் உட்கார்ந்து அழுதேன். அன்றைக்கு முடிவு பண்ணினேன். இன்னொன்று வந்தால், வயிறே காட்டிக்கொடுக்கிற வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. தெருவுக்குத் தெரியக்கூடாது, என் அம்மாவுக்குத் தெரியக்கூடாது, மாமியாருக்கு முக்கியமாகத் தெரியக்கூடாது.

அடுத்ததுக்கு மூன்று மாதம் போகட்டும் என்றார் டாக்டரம்மா. ரத்தம் குறைவாக இருந்தது. இரும்புச் சத்து மாத்திரை ஒன்று, ஃபோலிக் ஆசிட் என்று சின்னதாக மஞ்சளில் ஒன்று. கரு தங்குவதற்கு முன்னாலிருந்தே இதைச் சாப்பிட வேண்டும் என்று அவர் சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இல்லாத பிள்ளைக்கு மருந்து சாப்பிடுவது என்பது நான் கேள்விப்படாதது. ஒரு நாள் விடாமல் சாப்பிட்டேன். கடை முதலாளியிடம் கேட்டு ஒரு ஸ்டூல் வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் பின்சீட்டில் உட்காருவதை விட்டேன். மாமியாரும் தன் பங்குக்கு எதுவும் சொல்லாமல் முருங்கைக்கீரையாகப் போட்டுத் தாக்கினார். மாதாமாதம் நாலாம் நாள் நான் குளித்துவிட்டு உள்ளே வந்ததும், நல்லெண்ணெயும் கருப்பட்டியும் விட்டுக் கிண்டிய உளுந்தங்களி ஒரு கிண்ணம் காத்திருக்கும். "இடுப்புக்கு பலம்" என்பார். அவ்வளவுதான் பேச்சு.

என் வீட்டுக்காரர்தான் தயாராகவில்லை. சனிக்கிழமை வருவார், சாப்பிடுவார், திரும்பிப் படுத்துக்கொள்வார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நேராகவே கேட்டேன். "இன்னொண்ணு வேணாம். நீ இருந்தா போதும்" என்றார். "எனக்குப் போதாது" என்று கத்தினேன். அவர், "அன்னிக்கு லாரிய ஓட்டிக்கிட்டு வரவே முடியல. கால் நடுங்குது. எவனோ ஒருத்தன் பைக்ல ஏத்திக்கிட்டு வந்தான்" என்றார். அதுவரைக்கும் அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கு எங்களுக்குள் கொஞ்சம் சரியானது.

அடுத்த இரண்டு மாதத்தில் நாள் தள்ளிப்போனது. ஒரு நாள், இரண்டு நாள் என்று எண்ணினேன். மூன்றாம் நாள் காலையில், நான் குடத்தை எடுக்கப் போனபோது மாமியார் என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டு குழாயடிக்குப் போனார். எதிர்வீட்டுக்காரி ஏதோ சாக்கில் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். நாலாம் நாள் மத்தியானம் கடையிலிருந்து சாப்பிடப் போகிற மாதிரி கிளம்பி டாக்டரம்மாவிடம் போனேன். நின்றிருக்கிறது என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சார்ப்பில் பாயை விரித்து உட்கார்ந்தேன்.

அந்த யோசனை பஸ்ஸில் வரும்போது வந்தது. அந்தத் தெருவில் ஒரு கர்ப்பத்தை மறைக்க வேறு வழி கிடையாது. வாயைக் கட்டினால் போதாது, பாயில் உட்கார்ந்து காட்ட வேண்டும். விளக்கு வைத்துவிட்டு வெளியே வந்த என் மாமியார், என்னைப் பார்த்து வாசற்படியிலேயே நின்றுவிட்டார். கையில் தீப்பெட்டி இருந்தது. "சரி" என்றார். உள்ளே போய்விட்டார். வெகு நேரம் பாத்திரச் சத்தமே கேட்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது. வேணும், நல்லா வேணும் என்று. வெறும் ரத்தக்கட்டி என்று சொன்ன வாய்தானே.

நடிப்பில் ஒரு குறையும் வைக்கவில்லை. பழந்துணியை நனைத்துப் பிழிந்து கொடியில் வழக்கமான இடத்தில் போட்டேன். எழுந்தால் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். மாத்திரையைத் தலையணை உறைக்குள் ஒளித்தேன். அந்த வீட்டில் யாரும் கை வைக்காத ஒரே பொருள் அந்தத் தலையணைதான். மூன்று நாளும் குடம் தூக்க வேண்டாம், துணி துவைக்க வேண்டாம், அடுப்படியில் வேக வேண்டாம். மசக்கையில் குமட்டல் வந்தால் சார்ப்புக்குப் பின்னால் போய்த் துப்பிவிட்டு வந்துவிடலாம். நாலாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே போனேன். உளுந்தங்களி காத்திருந்தது. அதை மட்டும் அவர் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டேன்.

என் வீட்டுக்காரரிடம் அந்தச் சனிக்கிழமையே சொல்லிவிட்டேன். அவர் பயந்துவிட்டார். "அம்மாகிட்ட சொல்லாம இருக்குறது தப்பு" என்றார். "சொன்னா நான் எங்க அம்மா வூட்டுக்குப் போயிடுவேன்" என்றேன். அவருக்கு முகத்தில் எதையும் மறைக்கத் தெரியாது. அதனால் அடுத்த இரண்டு வாரம் வேலை இருக்கிறது என்று சொல்லி வராமலே இருந்துவிட்டார்.

இரண்டாம் மாதமும் உட்கார்ந்தேன். மூன்றாம் மாதமும் உட்கார்ந்தேன். அதற்குள் அந்தப் பதினோராவது வாரம் தாண்டியிருந்தது. அந்த வாரம் முழுக்க நான் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன். ஒவ்வொரு தடவை பாத்ரூம் போகும்போதும் கண்ணை மூடிக்கொண்டு, பிறகு திறந்து பார்ப்பேன். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை. வாரம் முடிந்தபோது, இனி பயமில்லை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் மாதம் உட்கார்ந்த இரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கடை லீவு. அந்த வாரமும் வீட்டுக்காரர் வரவில்லை. காலை பத்து மணி இருக்கும். சார்ப்பில் சாய்ந்து உட்கார்ந்து ஒரு பழைய வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். மாமியார் பத்தடி தள்ளி வாசலில் சின்ன வெங்காயம் தோலுரித்துக்கொண்டிருந்தார். தொடையில் ஏதோ கதகதவென்று இறங்கியது. பார்த்தேன். சிவப்பாக இருந்தது.

கத்தினேன். "அத்தே! ரத்தம் வருது அத்தே!"

அவர் வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ரெண்டாம் நாளு வராம என்ன பண்ணும்?" என்றார்.

எத்தனையோ பயங்களை நான் யோசித்து வைத்திருந்தேன். இதை யோசிக்கவில்லை. தெருவே என்னைப் பார்த்துக்கொண்டிருக்க, ரத்தம் வந்துகொண்டிருக்க, அது வர வேண்டிய ரத்தம்தான் என்று எல்லோரையும் நம்ப வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். என் கையாலேயே என் வாயைக் கட்டியிருந்தேன். கொடியில் துணிகூடக் காய்ந்துகொண்டிருந்தது.

"அது இல்ல அத்தே. நான் முழுகாம இருக்கேன். மூணு மாசம்."

அவர் என்னைப் பார்த்தார். பாயைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். இப்போது திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டினால் நல்லது என்றுகூட நினைத்தேன். முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்தார். வெங்காயம் வாசல் முழுக்க உருண்டது. நேராகச் சார்ப்புக்குள் வந்து, பாயில் மண்டியிட்டு, என் இரண்டு தோளையும் பிடித்துப் படுக்க வைத்தார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த மூன்று நாளில் அவர் கை என் மேல் பட்டதே இல்லை. இப்போது அந்தக் கையில் வெங்காய வாசனை அடித்தது.

"எந்திரிக்காத. அசையாத. நான் ஆட்டோ புடிச்சாறேன்" என்றார். செருப்புகூடப் போடாமல் கடைத்தெருவுக்கு ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஆட்டோவில் என் தலை அவர் மடியில் இருந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் அவர் டிரைவரை அதட்டினார். "மெதுவா போப்பா. மாடு மாதிரி ஓட்டாத." நடுவில் என் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தார். நான் சாமியை எல்லாம் கூப்பிடவில்லை. போயிடாத, போயிடாத என்று அதனிடமே சொல்லிக்கொண்டு வந்தேன்.

டாக்டரம்மாவின் வீடு ஆஸ்பத்திரி மாடியிலேயே இருந்ததால் ஞாயிற்றுக்கிழமையிலும் கீழே வந்தார். சீட்டு எழுதிய நர்ஸ், "இது எத்தனாவது?" என்று கேட்டாள். எனக்குப் பல் தந்தியடித்தது.

"ரெண்டாவது" என்றார் என் மாமியார். "மொதப் புள்ள மூணு மாசத்துல போயிருச்சு."

அந்த நிலைமையிலும் அது என் காதில் விழுந்தது. புள்ள என்றார்.

டாக்டரம்மா ஸ்கேன் பண்ணினார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு திரையை என் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறத்தில் ஏதோ தெரிந்தது. அதன் நடுவில் ஒரு பொட்டு விட்டு விட்டுத் துடித்தது. "துடிப்பு நல்லா இருக்கு. ஆனா உறுதியா இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது. ஊசி போடுறேன். பதினஞ்சு நாள் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. பாத்ரூம் போறதுக்கு மட்டும் எழுந்தா போதும்" என்றார்.

ஊசி போட்டு, சாயங்காலம் வரைக்கும் அங்கேயே படுக்க வைத்தார்கள். மாமியார் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சேலையில் என் ரத்தம் காய்ந்து போயிருந்தது. கழுவிக்கொள்ளக்கூட எழுந்திருக்கவில்லை. நான்தான் பேச்சை ஆரம்பித்தேன்.

"திட்டுங்க அத்தே."

"எதுக்கு?"

"மூணு மாசமா ஏமாத்திட்டேன்."

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்கும் ரெண்டு போச்சு. ஒம் புருசனுக்கு முன்னாடி ஒண்ணு. அவனுக்குப் பின்னாடி ஒண்ணு."

எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரருக்கும் தெரியாது என்று பிறகு தெரிந்தது.

"யாருக்குத் தெரியும் அத்தே?"

"யாருக்குத் தெரியும்? ஒருத்தருக்கும் தெரியாது. இப்ப சார்ப்பு இருக்குல்ல, அப்ப அது ஓலைக் கொட்டாய். அங்கதான் ஒக்காந்தேன். மூணு நாளுக்கு ஏழு நாளு ஆச்சு. மாமியா கேட்டுச்சு, என்னாடி இவ்ளோ நாளுன்னு. இந்த மாசம் கூடப் போவுதுங்கன்னேன். சரின்னுருச்சு. எட்டாம் நாளு குளிச்சிட்டு வயலுக்குப் போயிட்டேன்."

"மாமாகிட்ட சொல்லலையா?"

"அந்த மனுசனுக்குச் சோறு போடுற கை மாறுனது மட்டுந்தான் தெரியும்."

கேட்கலாமா வேண்டாமா என்று இருந்தது. கேட்டுவிட்டேன். "அப்பறம் ஏன் அத்தே எங்கிட்ட ரத்தக்கட்டின்னு சொன்னீங்க?"

"எனக்கு நானே சொல்லிக்கிட்டது அதுதான்" என்றார். "ரெண்டு தடவையும் அதச் சொல்லித்தான் எந்திரிச்சு வேலைக்குப் போனேன். ஒனக்கும் அதையே சொன்னேன். வேற என்னா சொல்றதுன்னு எனக்குத் தெரியலம்மா."

அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை மாதம் அவரை வெறுத்தேன் என்று அவருக்குத் தெரியுமோ தெரியாதோ. நான் அவர் கையை எடுத்து என் கன்னத்தில் வைத்துக்கொண்டேன். அவர் அதை எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இருந்தது, கேட்கவில்லை. அந்த வீட்டில் நாங்கள் யாரும் அப்படிக் கேட்டுப் பழகியதில்லை.

அதே ஆட்டோவில் ஊர்ந்து ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தோம். அவர் என்னைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிக்கொண்டு போய், நடு அறையில் தன் கட்டிலில் படுக்க வைத்தார். எனக்கு இன்னும் ஒரு நாள் பாக்கி இருந்தது, தெருக் கணக்குக்கு. எதிர்வீட்டுக்காரி வாசலுக்கே வந்துவிட்டாள். என்ன ஆச்சு, ஆட்டோவில் எங்கே போனீர்கள், தூரமானவளை உள்ளே படுக்க வைத்திருக்கிறீர்களே என்று அடுக்கினாள். என் மாமியார் கதவை மறித்துக்கொண்டு நிற்பது கட்டிலிலிருந்து தெரிந்தது.

"மஞ்சக்காமால" என்றார் கூசாமல். "கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கு. ஒட்டிக்கும்னு டாக்டரம்மா சொல்லிருக்கு. கிட்ட வராத." எதிர்வீட்டுக்காரி இரண்டடி பின்னால் நகர்ந்தாள். மறுநாளிலிருந்து கீழாநெல்லி அரைத்து அனுப்பிக்கொண்டே இருந்தாள், பாவம். அதையெல்லாம் மாமியார் வாங்கி வாங்கிப் பின்பக்கம் ஊற்றினார்.

அந்தக் கரு நின்றது. பெண் பிறந்தாள். என்னைவிட வாய் அதிகம் அவளுக்கு. அவளை வயிற்றில் வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டில் முக்கால்வாசி என் மாமியாரும் கூடவே பட்டார். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இது எதுவும் எங்களுக்குத் தெரியாது. நிற்குமா போகுமா என்றே தெரியாமல் நான் கட்டிலில் மல்லாந்து கிடந்தேன்.

எதிர்வீட்டுக்காரியை அனுப்பிவிட்டு, மாமியார் சார்ப்பைச் சுத்தம் பண்ணப் போனார். நடு அறைக்கும் சார்ப்புக்கும் நடுவில் ஒரு சுவர்தான். கொடியிலிருந்து துணியை உருவுகிற சத்தம் கேட்டது. தட்டைக் கழுவி வைக்கிற சத்தம் கேட்டது. பாயை உதறுகிற சத்தத்துக்குக் காத்திருந்தேன். அது வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் அழுகிற சத்தம் கேட்டது. முதலில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதிருக்க வேண்டும். பிறகு பொத்தவில்லை. தெருவுக்குக் கேட்கும் என்ற யோசனைகூட இல்லாமல், அந்தப் பாயில் உட்கார்ந்து அழுதார். முப்பது வருடத்துக்கு மேலாகியிருந்தது அந்த இரண்டும் போய்.

எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது. கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். வயிற்றில் ஒரு கையும் சுவரில் ஒரு கையுமாக, அசையாமல் படுத்து, அவர் அழுது முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன்.